பத்துவகைப் பேச்சும் ஓர் அடைபட்ட மதகும்

குணலட்சுமி அந்தப் பிரதேசக் கூட்டத்துக்குப் போனது ஒரேயொரு விஷயத்தைச் சொல்லத்தான். உரும்பிராயில் அவளுடைய தோட்டத்தை ஒட்டிப் போகும் வீதியைத் தார் போட்டுக் காப்பெற் வீதியாக்கியபோது, வேலை செய்தவர்கள் மிஞ்சிய கல்லையும் தார்க்கட்டிகளையும் மதகுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். வீதி வழுவழுப்பாக வந்தது. மதகு அடைபட்டுப்போனது. போன மாரியில் வெள்ளம் வடிய வழியில்லாமல் இருபத்திரண்டு பேருடைய தோட்டங்களில் பத்தொன்பது நாள் நின்றது. குணலட்சுமியின் மரவள்ளி கிழங்கோடு அழுகியது. பக்கத்துத் தோட்டக்காரன் சிவரூபனின் வெங்காயம் நாறிய நாற்றத்தில் அவன் வீட்டார் ஒரு கிழமையாக யன்னல் திறக்கவில்லை.

குணலட்சுமிக்கு ஐம்பத்து நாலு வயது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். அந்த முறையில் வீதிக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்கு நாலு கடிதம் எழுதினாள். நாலுக்கும் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று பதில் வந்தது. ஐந்தாவது கடிதத்தைக் கையோடு கொண்டுபோனபோது, கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் அதை வாங்காமல், "அம்மா, எழுத்திலை தந்தால் கடிதக் கோவைக்குள்ளை போயிடும். ஆனி மாதக் கூட்டத்திலை வந்து வாயாலை சொல்லுங்கோ. எல்லா அதிகாரிமாரும் இருப்பினம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஆனி மாதக் கூட்டத்தில் அவள் எழும்பி ஒலிவாங்கியை நோக்கி நடந்தபோது, அறிவிப்பாளர் கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, உங்களுடைய உரை எந்த வகை?"

"எந்த வகையெண்டால்?"

"வரவேற்புரையா, வாழ்த்துரையா, சிறப்புரையா?"

"மதகைப் பற்றித் தம்பி."

"மதகு என்பது பொருள். நான் கேட்பது வகை." அவர் குரலைத் தாழ்த்தி, "உரையாளர் அட்டை கொண்டு வந்தனீங்களோ?" என்றும் கேட்டார்.

அட்டை இல்லை. அப்படி ஒன்று இருப்பதே குணலட்சுமிக்குத் தெரியாது. மற்ற இருபத்தொரு தோட்டக்காரரும் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

அந்த அட்டை வந்த கதையையும் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னர், ஏதோ ஒரு கந்தோரில் ஓய்வுபெற்றுப் போகும் அதிகாரி ஒருவருக்குப் பிரியாவிடை வைத்தார்கள். செத்தவீட்டுப் பேச்சுக்குப் பேர்போன ஒருவரைப் பேச அழைத்தார்கள். மனிதருக்குத் தெரிந்தது ஒரு பேச்சுத்தான். அதை மனமுருகப் பேசினார். அன்னார் எம்மை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டார் என்று தொடங்கி, அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்து, ஈற்றில் ஒரு நிமிட மௌனமும் கேட்டார். சபை எழுந்து நின்றது. ஓய்வுபெற இருந்த அதிகாரியும் எழுந்து, தலையைக் குனிந்து, முழு நிமிடமும் நின்றார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் உரைத்தராதர நிலையம். இடத்துக்கு ஏற்றபடி பேசத் தெரியாதவர்கள் இனிப் பொதுக்கூட்டங்களில் வாய்திறக்கலாகாது என்று சுற்றுநிருபம் வந்தது. நிலையத்தில் மூன்று மாதம் படித்து அட்டை எடுத்தவர்கள் மட்டும், அட்டையில் எழுதியிருக்கிற வகையில் மட்டும், பேசலாம்.

நிலையம் மானிப்பாயில், ஒரு கடைத் தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. குணலட்சுமி இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு விளக்கேற்றினார்கள். பிறகு வகுப்பை வரவேற்று ஓர் உரை, வகுப்புக்கு ஆசி கூறி ஓர் உரை, வகுப்பை வாழ்த்தி மூன்று உரைகள். வாழ்த்தியவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரே பொன்னாடைதான் இருந்தபடியால், போர்த்தப்பட்டவர் படம் எடுத்து முடிந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் முடியப் பதினொன்று ஆகிவிட்டது. அதன் பிறகுதான் பணிப்பாளர் எழும்பினார்.

பணிப்பாளர் உரைவாரிதி ஏர்னெஸ்ட் நதானியேல், மிஷன் பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராயிருந்து இளைப்பாறியவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி. 'உரைவாரிதி' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது நிலையம். வழங்குமாறு நிலையத்துக்குப் பரிந்துரைத்தது பணிப்பாளர். அன்றைய பாடம் 'சுருக்கமாகப் பேசுதல்'.

"அன்பார்ந்த பயிலுநர்களே," என்று அவர் தொடங்கினார். "சுருக்கம் என்றால் என்ன? இதனைப் பதின்மூன்று கோணங்களில் அணுக விரும்புகிறேன். என்னுடைய இளமைக் காலத்திலே நான் மூன்று மணித்தியாலம் பேசுவேன். சபை கலைந்துவிடும், நான் கலையமாட்டேன். பின்னர் அனுபவம் வந்தது. இன்று அதே கருத்தை இரண்டு மணித்தியாலத்தில் சொல்ல என்னால் முடிகிறது. அது எப்படி என்று கேட்பீர்கள். கருத்தைக் குறைத்தேன். பேச்சிலே கருத்து இருந்தால் அது நீண்டுவிடும்."

பயிலுநர்கள் இதைக் கொப்பியில் எழுதினார்கள். குணலட்சுமியும் எழுதினாள். அவளுக்கு முன்னால் இருந்த முன்பள்ளி ஆசிரியை அடிக்கோடும் போட்டாள். நாலாவது கோணத்தில் ஒரு மணியாகிவிட, மீதி ஒன்பதும் அடுத்த வகுப்புக்கு என்று கலைந்தார்கள்.

போவதற்கு முன் எல்லோரும் விண்ணப்பம் நிரப்பவேண்டியிருந்தது. படிவத்தைக் கொண்டுவந்தவள் ஜெயந்தினி என்ற பயிற்சி உத்தியோகத்தர். முப்பது வயதிருக்கும். இந்த உரைகளை எல்லாம் மாதம் இரண்டு தடவை கேட்கிறவளின் களைப்பு அவள் முகத்தில் இருந்தது. படிவத்தில் பத்து வகையும் அச்சிட்டிருந்தது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, சிறப்புரை, பாராட்டுரை, ஏற்புரை, அஞ்சலியுரை, நன்றியுரை. குணலட்சுமி மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தாள்.

"பிள்ளை, எனக்கு ஒரு விஷயம் கேக்கவேணும். மதகைத் திறந்து விடுங்கோ எண்டு கேக்கிற பேச்சு. அது உதிலை எது?"

ஜெயந்தினி படிவத்தைப் பார்த்தாள். எத்தனையோ தடவை பார்த்த படிவத்தை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கேக்கிற பேச்சு எண்டு ஒண்டும் இல்லையம்மா" என்றாள். பிறகு, தானே தீர்மானிக்க ஏலாத விஷயம் என்று, பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டுபோனாள்.

பணிப்பாளர் குணலட்சுமியை இருத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மிகவும் பொறுமையாக விளக்கினார். "அம்மா, நீங்கள் அடிப்படையிலேயே பிழை விடுகிறீர்கள். கேட்பவர் யார்? சபையில் இருப்பவர். பேசுபவர் யார்? மேடையில் இருப்பவர். மேடையில் ஏறியவர் கேட்கத் தொடங்கினால் சபையில் இருப்பவர் என்ன செய்வது? பேசுவதா? நான் நாற்பது வருடமாக மேடையில் நிற்கிறேன். இன்றுவரை ஒன்றையும் கேட்டதில்லை. ஒருவரையும் கேட்டதில்லை."

"அப்ப மதகு, ஐயா?"

"மதகு எங்கே போகப்போகிறது" என்றார் பணிப்பாளர்.

குணலட்சுமி விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அடுத்த கூட்டம் புரட்டாதியில். மழை ஐப்பசியில். இடையில் வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. கிழமையில் இரண்டு நாள் தோட்டத்துக்கு விடியப் போய்த் தண்ணீர் இறைப்பை முடித்துவிட்டு, சேலை மாற்றி, இரண்டு பஸ் பிடித்து மானிப்பாய்க்குப் போனாள்.

பேச்சின் பாதி மதிப்பெண் விளிப்புக்கு என்று அங்கே அறிந்தாள். மேடையில் இருப்பவர்களைப் பதவி ஒழுங்கில், பட்டங்களோடு, ஒருவரையும் விடாமல் அழைக்கவேண்டும். நாலு நிமிடத்துக்குக் குறைந்தால் மரியாதைக் குறைவு. அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் தேர்ச்சி உண்டு. வாழ்த்துரையில் வலது கையை இரண்டு தடவை உயர்த்தவேண்டும், தலைமையுரையில் ஒரு தடவையும் உயர்த்தக்கூடாது. பாராட்டுரையில் பாராட்டப்படுபவரை மலையோடு ஒப்பிடலாம், கடலோடு ஒப்பிடக்கூடாது, கடலைக் குறிக்கும் வாரிதி என்பது பணிப்பாளருக்கு உரியது. அஞ்சலியுரையில் மூன்றாவது நிமிடத்தில் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி எடுக்கவேண்டும்.

இவ்வளவையும் இடத்துக்கேற்ற பேச்சு என்றார்கள். குணலட்சுமி திருநெல்வேலிச் சந்தையில் வியாபாரியோடு ஒரு மாதிரிப் பேசுவாள், கோயில் ஐயரோடு இன்னொரு மாதிரி, கன்று ஈன முக்குகிற மாட்டோடு வேறொரு மாதிரி. ஒருவருக்கும் விளங்காமல் போனதில்லை. மாட்டுக்கும்தான். ஆனால் வகுப்பில் எழும்பி நின்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தனக்கு வாயில்லையோ என்று அவளே நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆவணி மாதத்தில் அஞ்சலியுரைக்கான செய்முறைப் பரீட்சை வந்தது. அதற்கு ஒரு செத்தவீடு தேவை. கரவெட்டியில் ஓர் இளைப்பாறிய தபால்காரர் காலமாகியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய மகன், பேச்சாளர் இல்லாமல் அப்பாவை அனுப்புவது குறைச்சல் என்று நிலையத்துக்குத் தானே போன் எடுத்தான். பணிப்பாளர் பயிலுநர் ஆறு பேரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கையில் நேரம் பிடிக்கிற மணிக்கூடும் புள்ளித் தாளும் இருந்தன.

ஆறு பேரும் தபால்காரரை முன்பின் கண்டதில்லை. முதலில் பேசியவர் அன்னாரைக் கல்விமான் என்றார். இரண்டாவது ஆள் கொடைவள்ளல் என்றார். முன்பள்ளி ஆசிரியை, அன்னார் மறைந்த செய்தி கேட்டுக் கரவெட்டியே அடுப்பு மூட்டவில்லை என்றாள், பின்வளவில் அப்போது பெரிய கிடாரத்தில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் மூன்றாவது நிமிடத்தில் கைலேஞ்சி எடுத்தார்கள். இன்னொரு பயிலுநரான விளையாட்டுக் கழகத் தலைவர் இரண்டரையில் எடுத்துவிட்டு, பணிப்பாளர் புருவத்தை உயர்த்தியதைக் கண்டு மறுபடி சட்டைப்பைக்குள் வைத்து, நேரம் வந்ததும் எடுத்தார். தபால்காரருடைய மனைவி இரத்தினம்மா பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து, ஆர் வீட்டுச் செத்தவீட்டுக்கோ தெரியாமல் வந்துவிட்டவர்போல ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆறாவதாகக் குணலட்சுமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிவாங்கியைத் தாண்டிப் போய் இரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"காலமை ஏதேன் சாப்பிட்டியளோ அக்கா?" என்று கேட்டாள்.

இரத்தினம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். "தேத்தண்ணி குடிச்சது" என்றார். பேச்சாளர்கள் பக்கம் கண்ணைக் காட்டி, "ஆர் பிள்ளை உவையெல்லாம்?" என்று கேட்டார்.

"பேசப் பழக வந்தவை."

"அவர் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார் பிள்ளை. சைக்கிள் மணியைத்தான் அடிப்பார். படலையடியிலை ரெண்டு தரம் அடிச்சால் காசுக் கடிதம், ஒருக்கா அடிச்சால் சும்மாக் கடிதம். துக்கக் கடிதமெண்டால் அடிக்கமாட்டார். இறங்கி உள்ளுக்கு வந்து கையிலை குடுப்பார்." இதைச் சொல்லிவிட்டு இரத்தினம்மா அன்றைக்கு முதல் தடவையாக அழுதார். அவர் அழ, சுற்றியிருந்த பெண்களும் அழுதார்கள். வாசலில் நின்ற ஆண்கள் மற்றப் பக்கம் திரும்பினார்கள். குணலட்சுமி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் பணிப்பாளர் புள்ளிகளை வாசித்தார். குணலட்சுமிக்குப் பூச்சியம். "உங்களிடம் மனம் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன்" என்றார். "ஆனால் உரை நிகழவில்லை. அது மட்டுமல்ல, நீங்கள் அந்த அம்மாவை அழவிட்டதால் மற்ற ஐவருடைய உரைகளும் சபையின் நினைவிலிருந்து அழிந்துவிட்டன. ஒரு பேச்சாளருக்கு இன்னொரு பேச்சாளர் செய்யக்கூடாத துரோகம் அது."

மூன்று மாத முடிவில் ஒன்பது வகையில் அவள் தவறியிருந்தாள். நன்றியுரையில் மட்டும் தேர்ச்சி. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பணிப்பாளர் அட்டையை நீட்டியபடி காரணத்தைச் சொன்னார். "நன்றியுரையில் எவரையும் நாங்கள் தவறவிடுவதில்லை. நன்றியுரை நடக்கும்போது பிரதம விருந்தினர் வாகனத்தில் ஏறிவிடுவார். சபை சிற்றுண்டிப் பக்கம் போய்விடும். கேட்பார் இல்லாத இடத்தில் பிழை எப்படி வரும்?"

படிக்கட்டில் இறங்கும்போது ஜெயந்தினி பின்னால் வந்தாள். "அம்மா, எனக்கு நிரந்தர வேலை இல்லை, கொந்தறாத்திலை செய்யிறனான், நான் சொன்னதெண்டு சொல்லாதையுங்கோ. அட்டையிலை நன்றி மட்டும்தான் சொல்லலாம் எண்டு கிடக்கு. நடந்ததுக்குத்தான் நன்றி சொல்லவேணும் எண்டு விதியிலை எங்கையும் இல்லை."

குணலட்சுமி அதை இரண்டு பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டு வந்தாள்.

புரட்டாதிக் கூட்டத்தில் நன்றியுரை கடைசி நிரல். ஆனால் அன்றைக்குப் பிரதம விருந்தினருடைய சாரதி வாகனத்தோடு எங்கேயோ தேத்தண்ணிக்குப் போய்விட்டான். ஆகவே பிரதம விருந்தினர் போகமுடியாமல் முன்வரிசையில் இருந்தார். அவர் இருந்தபடியால் அதிகாரிகளும் இருந்தார்கள். அப்படி ஒரு நன்றியுரை அந்தப் பிரதேசத்தில் முன்னர் நடந்ததில்லை. குணலட்சுமி விளிப்பை நாலு நிமிடம் ஒழுங்காகச் சொன்னாள். பிறகு ஒரு மூச்சு எடுத்தாள்.

"நன்றி சொல்லத்தான் என்னை விட்டிருக்கினம். நன்றி மட்டும் சொல்லுறன். வீதிக்குப் பொறுப்பான கந்தோருக்கு நன்றி. நாங்கள் நாலு கடிதம் போட்டம். நாலும் கிடைச்சுதெண்டு அவையும் நாலு கடிதம் போட்டவை. தபால் ஒழுங்காய் நடக்குதெண்டு அதாலை அறிஞ்சம். மதகைப் பாக்க வந்த ஐயாமாருக்கு நன்றி. மூண்டு தரம் வந்தவை. மூண்டு தரமும் வீதிக்கு மேலை நிண்டு பாத்தவை. மதகு கீழை கிடந்தது. சப்பாத்திலை சேறு படுமெண்டு நாங்களும் வற்புறுத்தேல்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிவரூபனாக இருக்கவேண்டும்.

"கல்லையும் தாரையும் மதகுக்குள்ளை தள்ளிப்போட்டுப் போனவைக்கும் நன்றி. போன மாரி வெள்ளம் பத்தொன்பது நாள் நிண்டது. அந்தப் பத்தொன்பது நாளும் ஒரு அதிகாரியும் வந்து எங்களைக் கரைச்சல் படுத்தேல்லை, அதுக்கும் நன்றி. என்னைப் போன கூட்டத்திலை கதைக்கவிடாமல் இருத்தினதுக்கும் நன்றி. அதாலைதான் நான் மூண்டு மாதம் படிச்சன். வரவேற்கவும் வாழ்த்தவும் பொன்னாடை போர்க்கவும் இஞ்சை வழி இருக்கு, தோட்டத்துக்கை தண்ணி நிக்குதெண்டு சொல்ல மட்டும் வழி இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டன். ஐப்பசி வருகுது. இந்த முறையும் நீங்கள் ஒண்டும் செய்யாட்டில் அதுக்கும் இப்பவே நன்றி சொல்லி அமருறன்."

பின்வரிசை கைதட்டியது. அது குணலட்சுமி எதிர்பார்த்தது. அவள் எதிர்பாராதது, முன்வரிசையும் தட்டியது. 'நன்றி' என்ற சொல் வந்த இடமெல்லாம் அவர்கள் தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். பிரதம விருந்தினர் சாரதிக்குப் போன் அடித்தபடி மற்றக் கையால் தொடையில் தட்டினார். பிரதேச செயலாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த உரைவாரிதி எழுந்து நின்று தட்டினார், அவருடைய மாணவி முதல் தடவையாக விளிப்பில் ஒரு பெயரையும் விடவில்லை. குணலட்சுமி இறங்கிவந்தாள். எப்படியும் சொல்லிவிட்டேன் என்ற நிறைவில் அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்து நாளில் கூட்ட அறிக்கையின் பிரதி தபாலில் வந்தது. ஒன்பதாம் பந்தியில் இப்படி இருந்தது: 'உரும்பிராய் மதகு தொடர்பில் உரிய திணைக்களம் மேற்கொண்ட நடவடிக்கைகளுக்காகக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் பகிரங்கமாக நன்றி தெரிவித்தார். ஆகவே இவ்விடயம் நிறைவுற்றதாகக் கொள்ளப்பட்டு, கோவை மூடப்படுகிறது.'

அவள் அதை மூன்று தடவை வாசித்துவிட்டுக் கந்தோருக்குப் போனாள். கூட்டத்தில் வந்து வாயால் சொல்லச் சொன்ன அதே உத்தியோகத்தர்தான் இருந்தார்.

"நான் நன்றியெண்டு சொன்னது நன்றியில்லைத் தம்பி. நக்கலாய்ச் சொன்னனான்."

"அது எனக்கு விளங்குது அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அறிக்கையிலை நக்கல் எண்டு எழுதேலாது. முடியாத வேலைக்கு ஒருத்தரும் நன்றி சொல்லமாட்டினம் எண்டுதானே மேலை உள்ளவை எடுப்பினம்."

"அப்ப பிழையெண்டு சொல்லித் திருத்துங்கோ."

"அதுக்கு நீங்கள் அடுத்த கூட்டத்திலை மறுப்புரை சொல்லவேணும். உரைத்தராதர நிலையத்திலை மறுப்புரை எண்டு ஒரு வகை இல்லையாம். கேட்டுப் பாத்தனான்." அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். மேசை லாச்சியை இழுத்து, மூடிய கோவையை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்தார்.

குணலட்சுமிக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு பேருடைய மதகைத் தன் வாயாலேயே மூடிவிட்டு வந்ததுபோல இருந்தது. நாலு கடிதத்தால் மதகு திறக்கப்படாவிட்டாலும் கோவையாவது திறந்து கிடந்தது. கெட்டிக்காரத்தனமாகப் பேசியதால் அதுவும் போயிற்று. தோட்டத்துக்கு வந்து, வேலியோரத்தில் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்த சிவரூபனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் அவளைக் குறை சொல்லவில்லை. மேற்கே பார்த்தான். வானம் கறுத்திருந்தது.

"அக்கா, உதுக்கு இனி ஆரோடையும் கதைக்கத் தேவையில்லை" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு வீட்டாரும் அலவாங்கும் மண்வெட்டியும் பனையோலைக் கடகமுமாக மதகடிக்கு வந்தார்கள். ஒருவரும் விளக்கேற்றவில்லை. மனோன்மணி என்ற பாரிய உடம்புக்காரி வெறும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். 'உதைப் பிடி', 'விலத்து', 'கையைப் பார்' என்பதைத் தவிர அந்த நாலு மணித்தியாலமும் பேச்சே இல்லை. தார்க்கட்டிகளை அலவாங்கால் நெம்பி நெம்பி எடுத்தார்கள். இரண்டு லொறி அளவு கல் வெளியே வந்தது. வீதி வேலை செய்தவர்களுடைய ஒற்றைச் சப்பாத்தும், வேலையின் பெருமைகளை எழுதிய பெயர்ப்பலகையும் வந்தன. பலகை நல்ல கனம். சிவரூபன் அதைக் கொண்டுபோய்த் தன் ஆட்டுக் கொட்டிலுக்குக் கதவாக வைத்தான். பத்துமணிக்கு மதகின் இந்தப் பக்கத்தால் குனிந்து பார்த்தபோது அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் இன்னும் கூடப் பெய்தது. தண்ணீர் சிவந்த நிறமாகச் சுழித்து மதகுக்குள் போய், மறுபக்கம் வெள்ளவாய்க்காலில் விழுந்து ஓடியது. போன முறை தை பிறந்தும் சேறாய்க் கிடந்த நிலம் மார்கழி முதல் கிழமையே பாத்தி கட்டும் பதத்துக்கு வந்துவிட்டது.

அந்தக் கிழமைதான் ஜெயந்தினி ஓர் அழைப்பிதழோடு தோட்டத்துக்கு வந்தாள். மதகு திறப்பு விழா. கோவை மூடியபின் வெள்ளம் வடிந்திருப்பதை அவதானித்த அதிகாரிகள், வேலை நடந்துதான் இருக்கிறது என்று முடிவுகட்டி, அதை முறையாகத் திறந்துவைப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் பத்து உரைகளும் இருந்தன. எட்டாவது இடத்தில், 'ஏற்புரை: திருமதி குணலட்சுமி' என்று அச்சிட்டிருந்தது.

"எனக்கு நன்றியுரைக்குத்தானே பிள்ளை அட்டை தந்தவை?"

"உங்களுக்குக் கௌரவமாய் ஏற்புரைக்கும் தாறம் எண்டு பணிப்பாளர் சொன்னவர்." ஜெயந்தினி செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். "வருவியளோ அம்மா?"

"வெள்ளிக்கிழமை வெங்காயம் நடுகை பிள்ளை. நிலம் காய முதல் நடவேணும்."

"நல்லது" என்றாள் ஜெயந்தினி. அவள் அதைக் குறைப்பட்டுச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதகடியில் பந்தல் போட்டார்கள். மதகின் வாய்க்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். ஒலிபெருக்கியைத் தோட்டப் பக்கம் திருப்பி வைத்ததால், பாத்தியில் குந்தியிருந்து நட்டுக்கொண்டிருந்த குணலட்சுமிக்கும் சிவரூபனுக்கும் ஒரு சொல்லும் தப்பவில்லை. வரவேற்புரை நடந்தது. ஆசியுரை நடந்தது. தலைமையுரையில் பிரதேச செயலாளர், மக்கள் கேட்பதற்கு முன்னமே செய்து முடிப்பதுதான் தன்னுடைய கொள்கை என்றார். சிறப்புரையில் பிரதம விருந்தினர், இந்த மதகைத் தான் இரவு பகலாகக் கனவு கண்டதாகவும், இன்றுதான் நேரில் பார்ப்பதாகவும் சொன்னார். இரண்டு பாத்தி நட்டு முடிந்தது.

பிறகு அறிவிப்பாளர் குணலட்சுமியின் பெயரைக் கூப்பிட்டார். ஒருமுறை, இன்னொருமுறை, மூன்றாவது முறை பட்டங்களோடு. சிவரூபன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த வெங்காயத்தை ஊன்றி மண்ணை அணைத்தாள்.

ஒலிபெருக்கி ஒருதரம் கரகரத்தது. அம்மையார் தவிர்க்கமுடியாத காரணத்தால் சமுகமளிக்காதபடியால், அம்மையாரின் ஏற்புரையை அம்மையாரின் ஆசான் உரைவாரிதி ஏர்னெஸ்ட் நதானியேல் அவர்கள் வழங்குவார்கள் என்று அறிவித்தார்கள். உரைவாரிதி குரலைத் தாழ்த்தி, ஏழைக் கமக்காரிக்கு ஏற்றபடி கொஞ்சம் நடுங்கவிட்டுத் தொடங்கினார்.

"நான் ஒரு படிக்காத பெண். எனக்குப் பேசத் தெரியாது. இந்த மதகைத் தந்த கைகளை வணங்குகிறேன். நாங்கள் கேட்கவில்லை. நீங்களே அறிந்து தந்தீர்கள். வெள்ளத்தில் நின்றபோதும் என் மனம் உங்களைத்தான் நினைத்தது..."

பந்தலுக்குள் நெடுநேரம் கைதட்டினார்கள். யாரோ விம்மியதும் ஒலிபெருக்கியில் கேட்டது.

சிவரூபன் நடுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். "அக்கா," என்றான், "நீங்கள் நல்லாத்தான் கதைக்கிறியள்."

"ஓம்" என்றாள் குணலட்சுமி. "உந்தக் கடகத்தை இஞ்சாலை தள்ளிவிடு. வெயில் ஏற முதல் இந்தப் பாத்தியையும் முடிப்பம்."